வாடையைப் படம் பிடிப்பது எப்படி?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வாணியம்பாடியிலிருந்து ஓர் இளைஞர் என்னைத் தேடிக்கொண்டு வேலூருக்கு வந்தார். தோளில் ஒரு பை. பைக்குள் ஒரு கட்டுக் காகிதம். அது என்னவென்று நான் கேட்கவில்லை. நாவலாசிரியன் வீட்டுக்கு நாவலை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். எல்லாரும் திரைக்கதையைத்தான் கொண்டுவருகிறார்கள். அவருக்குக் காபி கொடுத்து உட்காரவைத்துவிட்டு முதல் பக்கத்தைப் புரட்டினேன்.

காட்சி ஒன்று. ஆம்பூர். அதிகாலை. அதற்குக் கீழே முதல் வாக்கியம்: ஊரெங்கும் தோல் வாடை.

நான் காகிதத்தை மேஜைமேல் வைத்தேன்.

"தம்பி, இந்த முதல் வாக்கியத்தை எப்படிப் படம் பிடிப்பார்கள்?"

அவர் சற்று யோசித்தார். "புகைபோக்கியைக் காட்டலாம் ஐயா."

"புகைபோக்கி சர்க்கரை ஆலையிலும் இருக்கிறதே! பார்க்கிறவர்களுக்கு வெல்லப்பாகு ஞாபகம் வந்தால் என்ன செய்வது?"

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் அன்று மாலை அவர் பஸ் ஏறும் வரையில் நாங்கள் பேசியது இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான். திரைக்கதை எழுதும் கலையில் உள்ள முக்கியமான சங்கடங்கள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தன என்பது பிறகுதான் எனக்கும் புரிந்தது.

எங்கள் சீமையை அறியாத வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டியும் அதைச் சுற்றியும் இருக்கும் ஊர்கள் தோலால் பிழைக்கிறவை. பழைய வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்தபோது இவையும் மூன்று மாவட்டங்களில் சிதறின. ஆனால் வாடை எல்லை பார்ப்பதில்லை. உப்புத் தடவி வந்த பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இறக்கி, மயிரைக் களைந்து, ஒட்டிய சதையைச் சீவி, அப்புறம்தான் பதனிட வேண்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அந்த வேலையைச் செய்த காலம் ஒன்று. அவற்றின் இடத்தைக் குரோமிய உப்பு பெரும்பாலும் பிடித்துக்கொண்ட காலம் இன்னொன்று. சுண்ணாம்புக் குழியின் பக்கம் எப்போதும் ஒரே வாடைதான். ரயிலில் போகும் வெளியூர்க்காரர் ஆம்பூர் நெருங்கும்போது ஜன்னலைச் சாத்துவார். பிரியாணி வாசனைக்கு மறுபடியும் திறப்பார்.

இந்த வாடையை நாவலில் எழுதுவது எவ்வளவு சுலபம்! "வாடை மூக்கைத் துளைத்தது" என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடலாம். வாசகர் நம்மை நம்பித் தம் மூக்கை நமக்குக் கடன் கொடுக்கிறார். நாவலாசிரியன் இப்படி எத்தனையோ கடன்களில் காலம் தள்ளுகிறான். அவன் மனம் புழுங்கியது என்கிறோம். பத்து வருஷங்கள் ஓடின என்கிறோம். அவள் தன் தாயைப் போலவே பொறுமைசாலி என்கிறோம். இவற்றில் ஒன்றைக்கூடக் காமிரா பார்க்க முடியாது.

இந்தப் பாடத்தை நான் கற்றுக்கொண்டது கொஞ்சம் வெட்கத்தோடுதான். பல வருஷங்களுக்கு முன்பு ஒரு பட முதலாளிக்காக நானும் ஒரு திரைக்கதை எழுதிக் கொடுத்தேன். டைரக்டர் நிதானமான மனிதர். ஓர் இடத்தில் விரலை வைத்து, "இங்கே 'அவன் மனம் புழுங்கினான்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நேரத்தில் அவன் கை என்ன செய்துகொண்டிருந்தது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நூற்றிருபது பக்கம் ஒரு மனிதனைப் பற்றி எழுதியிருந்தேன். அவன் கை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை! படம் வெளிவரவில்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

தமிழில் இந்தக் கேள்வியை நாம் தாமதமாகத்தான் கேட்க ஆரம்பித்தோம். அதற்குக் காரணம் உண்டு. விளம்பரச் சுவரொட்டிகளில் "திரைக்கதை வசனம்" என்று இரண்டு சொற்களும் இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒட்டியே வரும். அதனால் வசனம் எழுதினால் திரைக்கதையும் எழுதினதாகிவிடும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டோம். நம் சினிமா நாடகக் கொட்டகையிலிருந்து வந்தது. காதுக்கு விருந்து வைத்தே பழகியது. படத்தைப் பார்க்காதவர்களும் வசனப் புத்தகத்தை வாங்கி மனப்பாடம் செய்த காலம் உண்டு.

அதற்காக வசனத்தையே பழிப்பது நியாயமல்ல. 1952-இல் வந்த 'பராசக்தி'யை எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணன்–பஞ்சு டைரக்ட் செய்து, கருணாநிதி வசனம் எழுதிய படம். சிவாஜி கணேசனின் முதல் படம். அதன் நீதிமன்றப் பேச்சைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் இல்லை. அந்தப் பேச்சு எடுபட்டதற்குச் சொல்லடுக்கு மட்டும் காரணமில்லை. குணசேகரன் பட்ட பாட்டை அதற்கு முன்பே நாம் கண்ணால் பார்த்துவிட்டோம். அவன் பணத்தை இழந்ததையும், தெருவில் அலைந்ததையும், தங்கை கைக்குழந்தையோடு தவித்ததையும் பார்த்த பிறகுதான் அவன் வாயைத் திறக்கிறான். இன்னொன்று: நீதிமன்றம் என்பது மனிதனைப் பேசச் சொல்லி நிறுத்திவைக்கும் இடம். அங்கே அவன் நீளமாகப் பேசுவது இயற்கை. எந்த இடம் மனிதனுக்குப் பேச உரிமை கொடுக்கிறதோ, அந்த இடத்தில் வசனம் பேசினால் பொருந்தும்.

நம் இளைஞரின் கதாநாயகன் சுண்ணாம்புக் குழிக்குள் முழங்கால் வரை நின்றுகொண்டு முதலாளியைப் பார்த்து இரண்டு பக்கம் பேசுகிறான். வசனம் நன்றாகவே இருந்தது. நான் சத்தம் போட்டுப் படித்தும் காட்டினேன். ஆனால் சுண்ணாம்புக் குழி யாருக்கும் பேச உரிமை கொடுத்த இடமல்ல. அங்கே நிற்கிறவனுக்குக் கால் எரியும். வேலை முடிந்து மேலே ஏறினால் போதும் என்றிருக்கும். அங்கே அவன் பேசுவது அவன் பேச்சல்ல, எழுதியவரின் பேச்சு.

வசனம் எழுதிப் பேர் வாங்கியவர்களே வசனத்தைக் குறைத்த அதிசயமும் நம்மிடம் நடந்திருக்கிறது. 'தங்கப்பதக்கம்' கதையை எழுதி, சிவாஜியின் வாயில் வீரியமான வசனங்களை வைத்தவர் மகேந்திரன். அவரே டைரக்டராகி, உமாசந்திரன் நாவலை வைத்து 1978-இல் 'முள்ளும் மலரும்' எடுத்தபோது, சொல்லை அளந்து கொடுத்தார். விஞ்சு ஓட்டும் காளிக்குத் தங்கைமேல் உயிர், எஞ்சினியர்மேல் வெறுப்பு. இடையில் ஒரு கையை இழக்கிறான். முடிவில் தங்கை கல்யாணத்தை விட்டுவிட்டு அண்ணனிடமே திரும்பி வருகிறாள். அவன் திருந்திவிட்டதாக நாம் எதிர்பார்ப்போம். அவனோ, எஞ்சினியரை இப்போதும் தனக்குப் பிடிக்கவில்லை என்று நேரே சொல்லிவிட்டு, தங்கையை அவருக்கே கொடுக்கிறான். கர்வமும் பாசமும் ஒரே கையில். நாவலாசிரியன் இதை மூன்று பக்கம் விளக்கியிருப்பான். அடுத்த வருஷம் 'உதிரிப்பூக்க'ளில் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து ஒரு வித்தை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு மரமே வளர்த்தார். புத்தகத்துக்கு உண்மையாக இருப்பது வேறு. புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடிப்பது வேறு என்பதை இந்த இரண்டு படங்களும் காட்டின.

சரி, வாடைக்கு வருவோம். காமிராவால் அதைப் பிடிக்க முடியாது என்றால் விட்டுவிட வேண்டியதுதானா?

அதைப் பிடித்த ஒருவர் இருக்கிறார். கொரியாவைச் சேர்ந்த போங் ஜூன் ஹோ. 2019-இல் வந்த அவருடைய 'பாரசைட்' படத்தின் திரைக்கதைக்கு மறு வருஷம் ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. ஓர் ஏழைக் குடும்பம், ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்களைப் போல நடித்து, ஒரு பணக்கார வீட்டில் ஒவ்வொருவராக வேலைக்குச் சேர்ந்துவிடுகிறது. முதலில் அந்த வீட்டுச் சிறுவன் மோந்து பார்த்து, டிரைவருக்கும் வீட்டு வேலைக்காரிக்கும் ஒரே வாடை என்கிறான். விளையாட்டுப் பேச்சு, நாம் சிரிக்கிறோம். பிறகு ஓர் இரவு எஜமானர் தம் மனைவியிடம் டிரைவரின் வாடையைப் பற்றிச் சொல்கிறார். மேஜைக்கு அடியில் ஒளிந்திருக்கும் டிரைவர் அதைக் கேட்டுத் தன் சட்டையை மோந்து பார்க்கிறான். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அப்புறம் காரில் எஜமானியம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணாடியை இறக்குகிறாள். கடைசியில் ரத்தம் சிந்திக் கிடக்கும் ஓர் ஏழையின் உடம்புக்கு அடியிலிருந்து கார்ச் சாவியை எடுக்கும்போது எஜமானர் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார். அந்த ஒரு விரல் அசைவு கொலையில் முடிகிறது.

வாடை எங்கேயும் காட்டப்படவில்லை. அது மனிதர்களை என்ன செய்யவைக்கிறது என்பது மட்டும் காட்டப்பட்டது. அதுவும் ஒரே தடவையில் அல்ல. நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு படி ஏறி. திரைக்கதையில் உத்தி என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்பேன். முன்னே வேடிக்கையாக விதைத்ததைப் பின்னே வேதனையாக அறுப்பது.

இதைச் சொன்னதும் இளைஞருக்கு உற்சாகம் பிறந்தது. "அப்படியானால் பஸ்ஸில் ஏறுகிற வெளியூர்க்காரர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைப்பதாகத் தொடங்கலாம் ஐயா!" என்றார்.

தொடங்கலாம். ஆனால் அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. படம் பார்க்கிறவர் யாருடைய மூக்கைக் கடன் வாங்கிக்கொள்வார்? முதலில் யாரோடு உட்காரவைக்கிறோமோ அவரோடுதான் கடைசிவரை உட்காருவார். கைக்குட்டைக்காரரோடு தொடங்கினால், ஊர் முழுவதும் நாற்றமாகவும், ஊரார் எல்லாரும் பரிதாபத்துக்குரியவர்களாகவும் தெரிவார்கள். கொரியப் படம் நம்மை மேஜைக்கு மேலே உட்காரவைக்கவில்லை, அடியில் ஒளியவைத்தது. 1954-இல் எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' என்று பாட்டே இல்லாமல் ஒரு படம் எடுத்தார். கொலையுண்ட ஒருவனைப் பற்றிப் பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். சொல்லுகிறவர் மாற மாற அவனும் மாறுகிறான். யார் பார்க்கிறார்கள் என்பதே பாதிக் கதை என்பதைத் தமிழ் ரசிகர்களுக்கு அன்றைக்கே அது சொல்லிவிட்டது.

தோல் ஷாப்பில் வேலை செய்கிறவருக்கு அந்த வாடை தெரியாது. அவருக்கு அது காற்று. தெரிகிறவர் வெளியிலிருந்து வந்தவர். இந்த வித்தியாசத்தில்தான் எங்கள் சீமையின் கதை இருக்கிறது. சாதியின் கதையும் இருக்கிறது.

தோலைப் பற்றிப் பேசும்போது செருப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பூமணியின் 'வெக்கை' 1982-இல் வந்த நாவல். கொலை செய்துவிட்ட சிறுவனும் அவன் தகப்பனும் காட்டில் ஒளிந்து திரியும் சில நாட்கள்தான் கதை. வெற்றிமாறன் அதை 2019-இல் 'அசுரன்' ஆக்கியபோது, நாவலில் இல்லாத ஒரு பழங்கதையைத் தகப்பனுக்குச் சேர்த்தார். வாலிப வயதில் சிவசாமி தான் கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணுக்குச் செருப்பு வாங்கித் தருகிறான். அவள் ஆசையாகப் போட்டுக்கொண்டு நடக்கிறாள். செருப்புப் போட்டு நடந்த குற்றத்துக்காக அவளை அடித்து, அதையே தலையில் சுமக்கவைத்து ஊர்வழியே இழுத்துப் போகிறார்கள். நாவலை நேசிக்கிறவர்கள் சிலருக்கு இந்தச் சேர்க்கை பிடிக்கவில்லை. பழங்கதை நீளம் என்பதும், நாவலின் மௌனம் படத்தில் உரத்த குரலாகிவிட்டது என்பதும் உண்மைதான். எனக்கும் அந்தக் குறை உண்டு. ஆனால் செருப்பு மட்டும் சத்தியமான திரைக்கதை. காதலாக வந்த பொருள் அவமானமாகத் திரும்புகிறது. அதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் பஸ் ஏறிப் போகும் பெண்கள் அந்தக் காட்சியை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். உலகத்தின் கால்களுக்கெல்லாம் தைத்து அனுப்புகிற கைகள் அல்லவா அவை!

எங்கள் பக்கத்து மனிதர்களையே நாயகர்களாக வைத்து 2024-இல் பா. இரஞ்சித் 'தங்கலான்' எடுத்தார். வட ஆற்காட்டுக் கிராமத்திலிருந்து கோலாருக்குத் தங்கம் தேடிப் போனவர்களின் கதை. வசனம் எழுதியவர் பேரணாம்பட்டுப் பக்கத்து நாவலாசிரியர் அழகிய பெரியவன். எங்கள் பேச்சைத் திரையில் கேட்டதில் எனக்குத் தனிச் சந்தோஷம். அந்தப் படத்தில் தங்கலான் ஊருக்குத் திரும்பி வரும்போது பெண்களுக்கு ரவிக்கை கொண்டுவருகிறான். அதுவரை ரவிக்கை அறியாதவர்கள் அதைப் போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒரு துணித் துண்டில் ஒரு நூற்றாண்டின் கதை வந்துவிடுகிறது. அதே படத்தின் பிற்பகுதியில் தொன்மமும் கனவும் வரலாறும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, பாத்திரங்கள் நமக்குப் பொருள் விளங்கவைக்கப் பாடுபடுகிறார்கள். ரவிக்கையைப் போல இன்னும் இரண்டு பொருள்கள் கிடைத்திருந்தால் அவ்வளவு விளக்கம் தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம்.

இளைஞரின் திரைக்கதையில் உச்சக் காட்சி ஒரு விபத்து. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதை மனத்தில் வைத்துத்தான் எழுதியிருந்தார். சுவர் இடிவதற்கு ஒரு பக்கம். ஓட்டத்துக்கும் அலறலுக்கும் நான்கு பக்கம்.

"தம்பி, செத்தவர்கள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். ஓடியிருக்க மாட்டார்கள். நீங்கள் அந்த நான்கு பக்கத்தையும் சுவர் இடிவதற்கு முன்னே செலவழியுங்கள். பாயை எங்கே விரித்தார்கள்? அந்த இடத்தில் ஏன் விரித்தார்கள்? யார் ஊருக்குப் போன் பேசினார்? அவர்கள் ஏன் அங்கே படுத்தார்கள் என்பதற்குப் படம் விடை சொல்லிவிட்டால், சுவர் இடியும் சத்தம் ஒன்றே போதும்" என்றேன்.

அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு நான் கேட்டேன்: "இந்தத் திரைக்கதையில் எதை எழுதாமல் விட்டீர்கள்?"

இது நான் எல்லாரிடமும் கேட்கும் கேள்விதான். சாதாரணமாக, "ஒன்றும் விடவில்லை" என்பார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க நைனா இருபத்திரண்டு வருஷம் சுண்ணாம்புக் குழியில வேலை செஞ்சாரு ஐயா. வீட்டுக்கு வந்ததும் சட்டையை உள்ளே கொண்டுவர மாட்டாரு. பின்பக்கச் சுவத்துல ஒரு ஆணி. அதுலதான் மாட்டுவாரு. குளிச்சிட்டுத்தான் உள்ளே வருவாரு. எங்கம்மா அந்தச் சட்டையை மட்டும் தனியாத் துவைப்பாங்க. அவரு போய் ஆறு வருஷம் ஆச்சு. ஆணி அங்கயேதான் இருக்குது. யாரும் அதுல எதையும் மாட்டறதில்ல."

"இதை ஏன் எழுதவில்லை?"

"இது சாதாரணம் ஐயா. எங்க தெருவுல எல்லார் வீட்டுலயும் உண்டு." கொஞ்சம் நிறுத்தி, "அப்புறம்... பள்ளிக்கூடத்துல பக்கத்துல உக்காந்திருந்தவன் ஒரு நாள் எழுந்து வேற பெஞ்சுக்குப் போயிட்டான். அதெல்லாம் படத்துல வரணுமான்னு தோணிச்சு" என்றார்.

வாசகர்களே, இரண்டு பக்க வசனத்தில் வராதது அந்த ஆணியில் வந்துவிட்டது. வாடை என்ற சொல்லே இல்லாமல் வாடை வந்துவிட்டது. குழியில் நிற்கிறவருக்கு வாடை தெரியாது என்று நான் சொன்னேன் அல்லவா? அது பாதி உண்மைதான். தம் மூக்குக்குத் தெரியாததைப் பிறர் முகத்தைப் பார்த்து அவர் தெரிந்துகொண்டிருக்கிறார். பிள்ளைகளுக்கு அது ஒட்டிவிடக் கூடாதே என்ற ஒரு மனிதரின் கவலை, சட்டை தொங்கும் ஓர் ஆணி. அவர் போன பிறகு வெறும் ஆணி. நடுவில் ஒரு பள்ளிக்கூட பெஞ்சு. மூன்று படங்கள். நான் முன்னே சொன்ன படிகள் அங்கேயே இருந்தன. அவர் வெட்கப்பட்டு ஒளித்துவைத்ததுதான் அவருடைய திரைக்கதை. ஊருக்காக எழுதியது முழுவதும் மற்றப் படங்களிலிருந்து வாங்கிய கடன்.

அவருக்கு ஒரே ஒரு யோசனை சொன்னேன். பெஞ்சை விட்டு எழுந்து போன பையனோடு காமிராவை அனுப்பாதீர்கள். உட்கார்ந்தே இருந்த பையனோடு நிறுத்துங்கள். அவன் வீட்டுக்குப் போய் அந்தச் சட்டையை என்ன செய்தான் என்று பாருங்கள். அங்கே ஒரு சமயம் கோபம் இருக்கும். ஒரு சமயம் மன்னிப்பு இருக்கும். எதுவாக இருந்தாலும் அது உங்களுக்குத்தான் தெரியும். பட்டணத்து முதலாளிக்கோ எனக்கோ தெரியாது.

"பட முதலாளி பாட்டும் சண்டையும் கேட்பாரே, இடைவேளைக்கு ஒரு திருப்பம் கேட்பாரே" என்றார். கேட்பார்தான். இரண்டாகப் பிளந்து நடுவில் காபி குடிக்கப் போவது நம் நாட்டுப் படங்களின் வழக்கம். முதல் பாதிக்கு ஒரு முடிச்சு வேண்டும். ஆணியிலிருந்து சட்டையைப் பிடுங்கி எறியும் ஒரு பையனைவிட வேறு என்ன திருப்பம் வேண்டும் என்று பதிலுக்குக் கேட்டேன். முதலாளி ஒப்புக்கொள்வாரா என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. ஒப்புக்கொள்ளாமலும் போகலாம்.

போன வாரம் தபாலில் எட்டுப் பக்கம் வந்தது. மீதியை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாராம். குழியில் பேசிய இரண்டு பக்கப் பேச்சு போய்விட்டது. முதல் பக்கத்தில் ஆம்பூரும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. ஓர் அம்மாள் கிணற்றடியில் ஒரு சட்டையைத் தனியாகத் துவைத்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அது எதற்கு என்று அவர் இன்னும் சொல்லவில்லை.